‘இதைப் போன்ற நிலைமை எது?’ என்று கேட்ட அண்ணிக்கு

என் ஆசை அண்ணிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவைத் திறந்தேன். கை ஓடவில்லை. உன் நலத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு எங்கே இருக்கிறது? நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த வீட்டில் யாராவது மலர் என்று உன் பெயரைச் சொன்னால் அம்மா உடனே எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுகிறாள்.

சேதி இதுதான். அண்ணனுக்கு மறுபடியும் பெண் பார்த்துவிட்டார்கள். பெயர் அமுதா. ஊர் கனகசெட்டிக்குளம், அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். அவள் அப்பா ஐஸ் பெட்டியில் அடுக்கி சென்னைக்கு மீன் அனுப்புகிறவர். போன மாதம் பூ வைத்தாகிவிட்டது. இன்று மதியம் அம்மாவும் அண்ணனும் கல்யாணப் பத்திரிகைக்கு மாடல் பார்க்கப் போயிருக்கிறார்கள்.

இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதப் போகிறேன். ஒன்று உனக்கு. இன்னொன்று விழுப்புரத்துப் பக்கம் ஊரில் இருக்கும் உன் அப்பாவுக்கு. அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார் என்று நினைத்துக்கொள்.

கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு நீ மருமகளாக வந்தபோது நான் பி.காம். கடைசி வருஷம். நீ அதே பி.காமை முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மூன்றாம் நாளே, “நீங்க நாங்கன்னு பேசாதடி கவி, கெழவி மாதிரி இருக்குது. நீன்னே கூப்புடு,” என்றாய். வயல்காட்டுப் பெண், உனக்கு மீன் ஆயத் தெரியாது. சங்கரா மீனைக் கையில் பிடித்துக்கொண்டு, அது உன்னை முறைக்கிறது என்று கத்தினாய். செதிள் உரிக்கவும் குடல் எடுக்கவும் நான்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். பதிலுக்கு நீ எனக்கு இங்கிலீஷ் பத்தி படிக்கச் சொல்லிக்கொடுத்தாய்.

இரண்டு பேரும் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வு எழுதலாம் என்பது உன் யோசனை. ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அண்ணனே நம் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் விடுவான். தெருவே பார்த்து மெச்சியது.

பத்தி ஒன்று கொடுப்பார்கள். அதன் கீழே நாலைந்து கேள்விகள். அதில் ஒன்று கட்டாயம் இப்படி இருக்கும்: பத்தியில் சொல்லப்பட்டதைப் போன்ற நிலைமை கீழே உள்ளவற்றில் எது? எனக்கு அந்தக் கேள்வியில்தான் சறுக்கும். நகராட்சி ஒன்று தெருநாய்ப் புகார் அதிகமாக வருகிறது என்று புகார்ப் பெட்டியையே கழற்றிவிட்டதாம். இதைப் போன்றது எது என்று நீ கேட்டாய். நாய் வளர்ப்பவர் நாயைக் கட்டிப்போடாதது என்று நான் போட்டேன். காய்ச்சல் ஏறுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பதுதான் சரியான விடை. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

“நாயப் பாக்காதடி. மீனு ஆயற இல்ல? பத்தியையும் அதுமாதிரி ஆஞ்சிடு. செதிளு, சதையெல்லாம் போவட்டும், முள்ளு மட்டும் நிக்கட்டும். எந்த வெடையில அதே முள்ளு இருக்குதுன்னு பாரு. அது வஞ்சிரமா இருந்தா என்ன, சங்கராவா இருந்தா என்ன?”

அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கேள்வி தப்பியதே இல்லை. வகுப்பு எடுத்த சார் இன்னொன்றும் சொல்லுவார். “பத்தியில இருக்கறத மட்டும் வச்சி பதில் போடுங்க. ஒங்களுக்குத் தெரிஞ்ச வெளிவிஷயத்த உள்ள கொண்டாராதீங்க. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். போட்டுட்டு அடுத்ததுக்குப் போயிட்டே இருங்க.” சொன்னதைக் கேட்டு நடப்பதில் என்னை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. அது உனக்கும் தெரியும்.

அப்புறம் அண்ணனுக்கு இங்கே மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. லாஸ்பேட்டைக்கு அந்தப் பக்கம் புதிதாக மனை போட்ட இடத்தில் ஒரு மாடி வீட்டுக்கு உன்னைத் தனிக்குடித்தனம் அழைத்துப் போனான். கீழே வீட்டுக்கார அம்மா இருந்தார். அவர் கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய், அதனால் தெருவில் அந்த அம்மாவுக்கு சொல்தா வீட்டம்மா என்று பெயர்.

நீங்கள் போன முதல் மாதமே பக்கத்துத் தெருவில் யாரோ செயின் அறுத்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். மறுநாள் அண்ணன் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி வந்தான். காலை ஷிப்டுக்குப் போகும்போது உன்னை உள்ளே விட்டு மாடிக் கதவை வெளியில் பூட்டுவான். நாலு மணிக்கு வந்து திறப்பான். அம்மா அதை எங்கள் தெருக் குழாயடியில் எல்லாரிடமும் சொன்னாள். “எம்புள்ள பொண்டாட்டிய கண்ணுல வச்சி பாத்துக்குது.” பிறகு உன் வகுப்பும் நின்றது. “கவி போய்ப் படிச்சிட்டு வந்து சொல்லட்டும். ரெண்டு பேரும் எதுக்கு வெயில்ல அலையணும்?” என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் எதையும் சிரிக்காமல் சொன்னதில்லை.

அதன்பிறகு நம் வகுப்பு ஜன்னலில் நடந்தது. மாடிப்படியின் மேல்படியில் நான், கம்பிக்கு அந்தப் பக்கம் நீ. டம்ளர் கம்பியில் நுழையாது என்பதால் எனக்கு டீ கிடையாது, முறுக்கை மட்டும் நீட்டுவாய். பூட்டு என் தோளுக்குப் பக்கத்தில் தொங்கும். வெயிலில் சூடேறிய பித்தளை மேலே படுகிறது என்று என் துப்பட்டாவை அதன்மேல் போட்டுவிட்டு உட்கார்ந்து படித்திருக்கிறேன். இதை எழுதும்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஒரே ஒரு முறை கேட்டேன். “போரடிக்கலையா அண்ணி?” நீ சொன்னாய், “கதவு தெறக்கற சத்தம் கேட்டா முன்னாடியெல்லாம் சந்தோசமா இருக்கும். இப்ப அந்தச் சத்தத்துக்கும் பயமா இருக்குடி.” பக்கத்தைத் திருப்பி, “சரி, அடுத்த பத்தி,” என்றாய். நானும் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

ஐப்பசி மழை பிடித்த வாரம் அது. உனக்குச் சின்ன வயசிலிருந்தே இருக்கும் மூச்சு இளைப்பு அதிகமாகி, பேச்சுக்கு நடுவே நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினாய். நோட்டுத் தாள் ஒன்றைக் கம்பி வழியாகக் கொடுத்தாய். “இது புஸ்தகத்துல இருந்து எடுக்கல. நானே எழுதனது. போடு பாக்கலாம்.”

பத்தி ஒரு நூலகரைப் பற்றியது. அவருக்குப் பழைய புத்தகங்கள் மேல் உயிர். யாராவது தொட்டால் கெட்டுவிடும் என்று எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். கண்ணாடி வழியாக அட்டைகள் புதுசு போலத் தெரியும். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அவர் அக்கறையைப் பாராட்டுவார்கள். உள்ளே பூச்சி அரித்துக்கொண்டிருக்கும். நூலகரின் செயலைப் போன்றது எது? முதல் விடை, இன்னொரு நூலகர் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவது. இரண்டாவது, விவசாயி மருந்தை அளவுக்கு மீறி அடிப்பது. மூன்றாவது, திருட்டுப் பயம் என்று கணவன் மனைவியை உள்ளே விட்டுப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோவது. நான்காவது, காவல்காரர் தூங்கிவிடுவது.

நான் மூன்றாவதில் டிக் அடித்தேன். நீ எப்போதும் கேட்பது போல, “ஏன்னு ஒரு வரி எழுது,” என்றாய். எழுதினேன். அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது, என் கையெழுத்து. ‘இரண்டிலும் பாதுகாப்பு என்பது சாக்கு. சாவி ஒருவரிடமே இருப்பதால் உள்ளே நடப்பது வெளியே தெரியாது. உள்ளே இருப்பது அழிந்துவிடும்.’

நீ அதை வாங்கிப் படித்தாய். மறுபடியும் படித்தாய். “கரெக்டு,” என்றாய். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெதுவாகக் கேட்டாய், “அவ்ளோதானாடி?”

நான் சொன்னேன், “ஆமா, நாப்பது செகண்டு. அடுத்தது குடு.”

உன் பத்தியை ஆய்ந்தேன். முள்ளைச் சரியாக எடுத்தேன். அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டேன். நீ ஏன் என்னிடம் நேராகச் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்? அண்ணனுக்குப் பாசம் அதிகம் அண்ணி, கொஞ்சம் பொறுத்துக்கோ என்றிருப்பேன். உனக்கு அது தெரியும். அதனால்தான் என் வாயை அடைத்துவிட்டு, என் கையாலேயே எழுத வைத்தாய்.

ஒன்பதாம் நாள் நீ இல்லை.

சொல்தா வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். காலை பதினொரு மணி, நல்ல மழை. ஜன்னல் கம்பியில் எதையோ அடிக்கிற சத்தம் கேட்டு அவர் மேலே வந்திருக்கிறார். உன்னால் பேச முடியவில்லை. இளைப்புக்கு வாயில் வைத்து இழுக்கும் பஃப் தீர்ந்துபோய்விட்டது என்று கையைக் கவிழ்த்துக் காட்டினாயாம். அவர் கீழே ஓடி கம்பெனிக்குப் போன் செய்தார். உள்ளே மெஷின் லைனில் இருக்கிறார், சொல்லிவிடுகிறோம் என்றார்கள். எங்கள் வீட்டுக்குப் போன் செய்தார். சாவி எங்களிடம் ஏது? கடைசியில் அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு ஏறி அந்த அறுபது வயசு மனுஷி பூட்டை உடைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஆட்டோவில், அவர் மடியில் நீ போய்விட்டாய்.

நானும் அம்மாவும் வந்தபோது வீடு திறந்து கிடந்தது. மேல்படியில் பூட்டு கிடந்தது. அம்மா ஒரு நொடி அதைப் பார்த்தாள். குனிந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். அம்மாதான் பதில் சொன்னாள். “உள்ள தாப்பா போட்டுக்கினு இருந்திச்சுங்க. ஒடச்சித்தான் தெறந்தாங்க.” டாக்டர் என் பக்கம் திரும்பி, “அப்படியாம்மா?” என்றார். கொஞ்ச தூரத்தில் நனைந்த புடவையோடு சொல்தா வீட்டம்மா நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் தலையாட்டினேன்.

அண்ணன் வந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். நிஜமான அழுகைதான், நான் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. அவன் செய்தது தப்பு என்று ஒரு கணம்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

மாமா, இது உங்களுக்கு. காரியத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்களே, “ஏம்மா கவி, எதுக்கும்மா உள்ள தாப்பா போட்டுக்கிச்சி? சின்ன வயசுல இருந்து எளப்பு வந்தா கதவத் தெறந்து வச்சிக்கினு வாசப்படியிலதான குந்தும்?” வருகிறபோதெல்லாம் அதையேதான் கேட்கிறீர்கள். உங்கள் மகள் தாழ்ப்பாள் போடவில்லை மாமா. கதவு வெளியே பூட்டியிருந்தது. நான் பார்த்தேன், தினமும் பார்த்தேன்.

அண்ணி, மூன்று வாரம் கழித்து நான் மட்டும் போய்த் தேர்வு எழுதினேன். மூன்றாவது பத்தியின் கீழே அந்தக் கேள்வி இருந்தது. கறுப்பு பால்பாயிண்ட் பேனாவைப் பிடித்தபடி மணி அடிக்கிற வரை உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வியிலிருந்து விடைத்தாளில் ஒரு வட்டத்தையும் நிரப்பவில்லை. இப்போது மிஷன் வீதியில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போட்டுக்கொடுக்கிறேன்.

பூ வைத்த அன்று அமுதா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். “அண்ணி,” என்றாள். நான் உன்னைக் கூப்பிட்ட வார்த்தை. இப்போது ஒருத்தி என்னைப் பார்த்து அப்படிக் கூப்பிடுகிறாள். “ஒங்க அண்ணன் ரொம்ப நல்லா பாத்துக்குமாமே? மொதல்ல இருந்த அக்காவ வெய்யில்லகூட வுடாதாமே? அத்த சொன்னாங்க. இங்க எங்கப்பா என்னைய விடிகாலையில ஐஸு ஒடைக்க வுடுது,” என்று சொல்லிச் சிரித்தாள். இருபத்தோரு வயசு. ஐஸ் உடைத்துக் காய்த்துப்போன கை. அவளுக்கு அது வரம் மாதிரிக் கேட்கிறது.

“ஆமா, நல்லா பாத்துக்கும்,” என்றேன். இரண்டாவது தடவையும் தலையாட்டிவிட்டேன் அண்ணி.

போன வாரம் துணிந்து அவள் வீட்டுக்குப் போன் செய்து, உன்னிடம் ஒரு விஷயம் பேச வேண்டும், வருகிறேன் என்றேன். அவள் வெகுளி. அதை என் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலம் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அமுதாகிட்ட தனியா என்னமோ பேசணும்னியாமே?” என்று சிரித்தான். நான் புடவை விஷயம் என்றேன். “கல்யாணத்துக்கு அப்பறம் பேசிக்கலாம். காலம் கெட்டுக் கெடக்குது. நீ இனிமே தனியா எங்கயும் போவாத.”

மறுநாளிலிருந்து என்னை அவனே ஆபீஸ் வாசலில் இறக்கிவிடுகிறான், அவனே வந்து ஏற்றிக்கொள்கிறான். அவனுக்கும் அமுதாவுக்கும் ஒரு வீடு பார்த்திருக்கிறான். புதன்கிழமை வெல்டிங் கடைக்காரர் வந்து அங்கே இரும்புக் கதவுக்கு அளவெடுத்தார். “ஜன்னலுக்கு ஜல்லடைக் கம்பி போட்டுடுங்க. கைகூட நொழையக்கூடாது,” என்று அண்ணன் சொன்னதை நான் வண்டியில் உட்கார்ந்தபடி கேட்டேன்.

இன்று மதியம் அவர்கள் கிளம்பியதும் வெளியே பூட்டுகிற சத்தம் கேட்டது. பூட்டிய பிறகு அதை ஒரு முறை இழுத்துப் பார்க்கிற சத்தமும் கேட்டது. நீ தினமும் கேட்டது இதுதானே? உள்ளே இருந்து கேட்டால் வேறு மாதிரி இருக்கிறது. எனக்கு இளைப்பு கிடையாது. ஆனாலும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது அண்ணி. சொந்த அண்ணன், சொந்த வீடு, பட்டப்பகல். பயமாக இருக்கிறது.

நாளை திங்கட்கிழமை. ஆபீஸ் வாசலில் என்னை இறக்கிவிட்டு அவன் வண்டி திரும்பியதும் நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். சொல்தா வீட்டம்மா அங்கே நிற்பார். வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து அவருக்குப் போன் செய்தேன். “ஒடச்சவ நானு. வரேம்மா. அன்னிக்கே யாராவது ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்,” என்றார். நீ எழுதிய தாளை அமுதாவிடம் காட்டப் போவதில்லை. அவளிடம் கேள்வியாக எதையும் வைக்கக் கூடாது. பூட்டு, சாவி, மழை, நான் ஆட்டிய தலை, எல்லாவற்றையும் பச்சையாகச் சொல்லிவிடுவேன். அவள் அப்பாவையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லுவேன்.

இதற்குப் பிறகு எனக்கு இந்த வீட்டில் இடம் இருக்காது. இரண்டு செட் துணியைச் சாப்பாட்டுப் பைக்கு அடியில் மடித்து வைத்திருக்கிறேன். அம்மா என்னைக் கரித்துக் கொட்டுவாள். அண்ணன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருவேளை அமுதா நம்பாமல் போகலாம். நாத்தனார் பொறாமையில் பேசுகிறாள் என்று சொல்லலாம். கல்யாணமும் நடக்கலாம். நடந்தால், அண்ணி, ஒவ்வொரு நாளும் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன். பூட்டு தொங்கினால் அன்றைக்கே உடைப்பேன். சாவி யாரிடம் என்று கேட்க மாட்டேன், உள்ளே இருந்து சத்தம் வருகிற வரைக்கும் காத்திருக்க மாட்டேன். இது உனக்கு நான் செய்து கொடுக்கும் சத்தியம்.

கேட் பக்கம் வண்டிச் சத்தம் கேட்கிறது. முடித்துக்கொள்கிறேன்.

உன் நாத்தனார்,
கவி